எச்சம் தேடும் ஊர்

மேக்ரி சர்க்கிளில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் முதலில் வரவேற்பது, விமான நிலையத்துக்கு விரையும் கார்களின் இரைச்சல். பெங்களூரின் மிகச் சத்தமான சந்திப்புகளில் இதுவும் ஒன்று. அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் ராமன் ஆராய்ச்சி நிலையம். வாசல் காவலரிடம் பெயர் எழுதிக் கொடுத்து உள்ளே போனால் சத்தம் சட்டென்று குறைந்துவிடுகிறது. மரங்கள் விழுங்கிவிடுகின்றன.

திருவானைக்காவலில் பிறந்த சி.வி. ராமன் 1948ல் தொடங்கிய நிலையம் இது. 1970 நவம்பர் 21ல் அவர் இறந்தபோது இந்த வளாகத்துக்குள்ளேயே தகனம் செய்தார்கள். அந்த இடத்தில் சமாதியும் இல்லை, சிலையும் இல்லை. டபேபுயா இனத்து மரம் ஒன்று நிற்கிறது. வசந்தத்தில் மஞ்சளாகப் பூக்கும். நான் போனது பூக்கிற பருவம் இல்லை. நோபல் பரிசு வாங்கிய ஒருவரின் நினைவிடம் எதுவென்று கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

நான் மரத்தைப் பார்க்க வரவில்லை. பிரபஞ்சம் பிறந்தபோது மிச்சமான வெளிச்சத்தைப் பற்றிய ஒரு கட்டுரையை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தபோது ஒரு சொல்லில் சிக்கிக்கொண்டேன். ஆங்கிலத்தில் அதை 'ரெலிக்' கதிர்வீச்சு என்கிறார்கள். தமிழில் 'எச்சக் கதிர்வீச்சு' என்று எழுதிவிட்டுப் பேனாவை நிறுத்தினேன். எச்சம் என்றால் மிச்சம். பறவை போடுவதும் எச்சம்தான். இலக்கணத்தில் பெயரெச்சம், வினையெச்சம் உண்டு. தன்னை முடித்துவைக்கும் சொல்லுக்காகக் காத்திருப்பவை. வள்ளுவர் ஒருவர் தகுதியை அவருடைய எச்சத்தைக் கொண்டு அறியலாம் என்ற இடத்தில் பரிமேலழகர் அதற்குப் பிள்ளைகள் என்று பொருள் கொண்டார்; புகழ் என்பாரும் உண்டு. இத்தனை பொருளையும் ஒரே சொல்லில் சுமந்துகொண்டு ஒரு விஞ்ஞானக் கட்டுரைக்குள் நுழைய முடியுமா என்று யோசித்தேன்.

நுழையலாம் என்பதற்குக் கதையே சாட்சி. 1964ல் அமெரிக்காவின் நியூ ஜெர்ஸியில் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இருவர் ஊதுகுழல் வடிவத்தில் இருந்த ஒரு பெரிய ஆன்டெனாவை வைத்துக்கொண்டு திண்டாடினார்கள். எந்தத் திசையில் திருப்பினாலும், பகலோ இரவோ, ஓர் இரைச்சல் விடாமல் வந்தது. உள்ளே புறாக்கள் கூடு கட்டியிருந்தன. அவற்றின் எச்சம்தான் காரணமோ என்று புறாக்களைப் பிடித்து அப்புறப்படுத்தி, சுரண்டிக் கழுவிப் பார்த்தார்கள். இரைச்சல் போகவில்லை. புறாவின் எச்சம் போய் பிரபஞ்சத்தின் எச்சம் மிஞ்சியது. 1965 ஜூலையில் அதை அச்சிட்டார்கள். 1978ல் நோபல் பரிசு கிடைத்தது.

அது என்ன வெளிச்சம்? பிரபஞ்சம் பிறந்து சுமார் 3,80,000 ஆண்டுகள் வரை எங்கும் கொதிக்கும் மூட்டம். எலெக்ட்ரான்களும் புரோட்டான்களும் தனித்தனியே அலைந்ததால் ஒளி நேராகப் போக முடியாமல் மோதி மோதித் தடுமாறியது. சூடு தணிந்து அவை சேர்ந்து ஹைட்ரஜன் ஆனதும் மூட்டம் விலகி ஒளி விடுபட்டது. அன்று கிளம்பிய ஒளிதான் விரியும் பிரபஞ்சத்தோடு தானும் நீண்டு, குளிர்ந்து, இன்று 2.725 கெல்வின் வெப்பநிலையில், அதாவது உறைநிலைக்கு 270 டிகிரி கீழே, நுண்ணலையாக எங்கும் நிறைந்திருக்கிறது. உங்கள் விரல் நுனி அளவு இடத்தில், ஒரு கன சென்டிமீட்டரில், இந்தக் கணம் சுமார் 411 ஒளித்துகள்கள். பழைய டி.வி.யில் நிலையம் இல்லாத சேனலில் புள்ளிப் புள்ளியாக மழை பெய்யுமே, அதில் ஏறக்குறைய ஒரு சதவீதம் இதன் கைவரிசை.

இனி நான் ரயில் ஏற வேண்டும்.

*

அதே 1965. தமிழ்நாடு மொழிப் போராட்டத்தில் கொந்தளித்த வருடம். பெங்களூருக்குக் கிழக்கே சுமார் 100 கி.மீ. தூரத்தில், கோலார் தங்கவயலில், சாம்பியன் ரீஃப் சுரங்கத்தின் ஹீத்கோட் ஷாஃப்டில், தரைக்கு 2.3 கி.மீ. கீழே ஒரு விஞ்ஞானக் குழு விளக்கை அணைத்துவிட்டுக் காத்திருந்தது. பம்பாய் டாடா ஆராய்ச்சி நிலையம், ஜப்பானின் ஒசாகா, இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகங்கள் சேர்ந்த குழு அது. தேடியது நியூட்ரினோவை. பென்சியாஸ், வில்சனின் கட்டுரை வெளிவந்த சில வாரங்களில், 1965 ஆகஸ்ட் 15 தேதியிட்ட பௌதிக இதழில் இவர்களின் முடிவு அச்சானது: காற்றுமண்டலத்தில் உண்டாகும் நியூட்ரினோவின் தடயம் கிடைத்துவிட்டது. தென்னாப்பிரிக்கச் சுரங்கம் ஒன்றில் இதே வேட்டையில் இருந்த ஃபிரெட்ரிக் ரெய்ன்ஸ் குழுவின் கட்டுரை இரண்டு வாரம் கழித்து வந்தது. (நிகழ்வைப் பதிவு செய்ததில் ரெய்ன்ஸ் குழுவே முந்தியது. அச்சேறியதில் கோலார் முந்தியது. இரண்டையும் சொல்வதுதான் நியாயம்.)

பெங்களூரிலிருந்து பங்காரப்பேட்டை வழியாக மாரிக்குப்பம் போகும் ரயிலில் காலையில் இடம் கிடைப்பது சுலபம். கூட்டமெல்லாம் எதிர்த்திசையில். 2001 பிப்ரவரி 28ல் சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு, தங்கவயல் பிள்ளைகள் அதிகாலையில் எழுந்து ரயில் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போய் இரவில் திரும்புகிறார்கள். எதிரில் உட்கார்ந்திருந்த பெரியவர் என் கையில் இருந்த குறிப்புப் புத்தகத்தைப் பார்த்துவிட்டு, "சினிமாக்காரங்களா சார்?" என்றார். அந்தப் பெயரில் படம் வந்ததிலிருந்து ஊரைப் பார்க்க ஆள் வருகிறார்களாம். நியூட்ரினோ என்றேன். சிரித்தார். "மேலே இருக்கிறத எதுக்கு சார் கீழே போய்த் தேடணும்?" என்றார்.

நல்ல கேள்வி. வானத்திலிருந்து காஸ்மிக் கதிர்கள் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. தரையில் கருவியை வைத்தால் அந்த மழையில் நியூட்ரினோவின் ஒற்றைத் துளி அடையாளம் தெரியாமல் போகும். பாறைக்குள் போகப் போக மற்ற எல்லாம் வடிகட்டப்படும். பூமியையே ஊடுருவிப் போகும் நியூட்ரினோ மட்டும் மிஞ்சும். பி.வி. ஸ்ரீகண்டன் 1951 முதல் இந்தச் சுரங்கங்களில் இறங்கி, எந்த ஆழத்தில் எவ்வளவு கதிர் குறைகிறது என்று அளந்தார். 1960களின் தொடக்கத்தில் இன்னும் ஆழமான ஓரிடத்தில் இரண்டு மாதம் கருவி வைத்து உட்கார்ந்தும் ஒன்றுமே பதிவாகவில்லை. அந்த வெறுமைதான் மகிழ்ச்சியான செய்தி. நியூட்ரினோவைத் தேட இடம் கிடைத்துவிட்டது!

ஆனால் அந்த இடத்தை உண்டாக்கியவர்கள் யார்? ரயில் கோரமண்டல், ஊரிகம், சாம்பியன் என்று ஒவ்வொரு சின்ன ஸ்டேஷனாகக் கடக்கும்போது ஜன்னலில் சயனைடு மண்மேடுகள் வருகின்றன. தங்கம் எடுத்தபின் அரைத்துக் கொட்டிய மண். காற்றடித்தால் சாம்பல் நிறத்தில் பறக்கும். பிளாட்பாரத்தில் காதில் விழுவதெல்லாம் தமிழ். வட ஆற்காடு, சேலம், தருமபுரிப் பக்கத்திலிருந்து நூறாண்டுக்கு முன்னும் பின்னுமாக வந்தவர்கள், பெரும்பாலும் தலித் மக்கள், தோண்டிய குழி இது. கீழே பாறையின் சூடே 60 டிகிரியைத் தாண்டும். பாறை வெடித்துச் செத்தவர்களும், நுரையீரலில் கல்தூசி படிந்து இருமியே செத்தவர்களும் பலர். உலகின் மிக ஆழமான சுரங்கங்களில் ஒன்று இருந்ததால்தான் உலகின் மிக ஆழமான ஆய்வுக்கூடங்களில் ஒன்று அமைந்தது. விஞ்ஞானிகளும் அதே கூண்டில்தான் இறங்கினார்கள். விஞ்ஞான வரலாற்றில் ஒரு பக்கத்துக்கு உரிமை இருந்தும், ஊரில் அதைச் சொல்லும் ஒரு பலகை என் கண்ணில் படவில்லை. மூடிய ஷாஃப்டுகளில் இன்று தண்ணீர்.

1980ல் அதே சுரங்கத்தில் இன்னொரு பெரிய வேட்டை தொடங்கியது. இரும்புத் தகடுகளை அடுக்கி 140 டன் எடையில் ஒரு கருவி. பிறகு 1985ல் 260 டன்னில் மற்றொன்று. புரோட்டான் சாகுமா என்பது கேள்வி. எல்லாப் பொருளுக்கும் அடித்தளமான புரோட்டான் நிரந்தரமானதில்லை, என்றாவது சிதையும் என்று அன்றைய கொள்கைகள் கூறின. இதற்கும் எச்சக் கதிர்வீச்சுக்கும் நேர் சம்பந்தம் உண்டு. பிரபஞ்சத்தில் ஒரு புரோட்டானுக்கு நூறு கோடிக்கும் மேற்பட்ட எச்ச ஒளித்துகள்கள் இருக்கின்றன. ஏன் இந்தக் கணக்கு? ஆதியில் பொருளும் எதிர்ப்பொருளும் ஏறக்குறைய சமமாக இருந்து ஒன்றையொன்று அழித்துக்கொண்டு ஒளியாகின. நூறு கோடிக்கு ஒன்று என்ற வீதத்தில் பொருள் கூடுதலாக இருந்ததால் அந்த உபரி தப்பியது. நீங்களும் நானும் தங்கமும் அந்த உபரி. உபரி எப்படி வந்தது என்று விளக்க வேண்டுமானால், புரோட்டானின் எண்ணிக்கையை மாற்றக்கூடிய நிகழ்வுகள் இயற்கையில் இருந்தாக வேண்டும். 1967ல் ரஷ்யாவின் ஆந்த்ரேய் சகாரோவ் சொன்னது இது. அப்படியென்றால் புரோட்டானும் என்றோ ஒருநாள் சாகலாம்.

1980களின் தொடக்கத்தில் கோலார் குழு, புரோட்டான் சிதைவாக இருக்கலாம் என்று சில நிகழ்வுகளை அறிவித்தது. உலகம் திரும்பிப் பார்த்தது. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் இன்னும் பெரிய கருவிகள் தேடிப் பார்த்தன. கிடைக்கவில்லை. இன்றுவரை எவருக்கும் கிடைக்கவில்லை. 1992ல் கோலார் ஆய்வு முடிவுக்கு வந்தது. (அதன் வாரிசாகத் தேனி மாவட்டம் பொட்டிப்புரத்தில் திட்டமிட்ட நியூட்ரினோ ஆய்வகத்துக்கு 2015ல் மத்திய அரசு ஒப்புதல் தந்தது. எதிர்ப்பிலும் வழக்கிலும் சிக்கி அது நின்றுபோன கதை தமிழ் வாசகர்களுக்குத் தெரிந்ததே.)

*

நியூட்ரினோவுக்கும் எச்ச ஒளிக்கும் இன்னொரு முடிச்சு உண்டு. அதைப் போட்டவர்களில் ஒருவர் பின்னாளில் பெங்களூர்வாசியானவர்.

எச்ச ஒளியைப் போலவே எச்ச நியூட்ரினோக்களும் இருக்க வேண்டும். ஒளி விடுபட 3,80,000 ஆண்டுகள் ஆயிற்று என்றால், எதிலும் ஒட்டாத நியூட்ரினோ பிரபஞ்சம் பிறந்து ஒரே விநாடியில் கழன்று கொண்டது. கன சென்டிமீட்டருக்குச் சுமார் 336 வீதம் அவையும் நம்மைச் சுற்றி இருக்கின்றன. யாரும் நேரடியாகப் பிடித்ததில்லை. ஆனால் எடை போட்டார்கள். ராமநாத் கௌசிக், ஜே. மெக்லெலண்ட் இருவரும் 1972ல் ஓர் எளிய கேள்வி கேட்டார்கள். இத்தனை நியூட்ரினோக்கள் இருக்கும்போது ஒவ்வொன்றும் கொஞ்சம் எடை கூடினாலும் மொத்தம் என்ன ஆகும்? பிரபஞ்சம் விரியும் வேகமே மாறியிருக்கும். விரிவு நாம் பார்க்கிறபடி இருப்பதால், ஒரு நியூட்ரினோ இவ்வளவுக்கு மேல் கனக்க முடியாது. மூட்டையைத் தொடாமல், வண்டிச் சக்கரம் எவ்வளவு அழுந்துகிறது என்று பார்த்து எடை சொல்கிற கமிஷன் மண்டி வேலை இது. சோதனைக்கூடத்துத் துகளை வானத்தை வைத்து அளக்கலாம் என்பதற்கு இது முன்னோடிகளில் ஒன்று. கௌசிக் 1992 முதல் 2003 வரை பெங்களூரில் இந்திய வானியற்பியல் நிலையத்தின் இயக்குநராக இருந்தார்.

நியூட்ரினோவில் எத்தனை வகை? 1989ல் ஜெனீவா அருகே இருந்த துகள்முடுக்கியில் எண்ணி மூன்று என்றார்கள். பிளாங்க் விண்கலம் எச்ச ஒளியில் உள்ள நுணுக்கமான சூடு, குளிர் வேறுபாடுகளைப் படம் எடுத்தது. அதை வைத்து 2018ல் கணக்கிட்டபோதும் மூன்றுக்கு மிக அருகில்தான் வந்தது. ஒருவர் மண்ணுக்கடியில் துகளை மோதவிட்டு எண்ணுகிறார். இன்னொருவர் 1,380 கோடி ஆண்டுப் பழைய வெளிச்சத்தைப் பார்த்து எண்ணுகிறார். இரண்டு கணக்கும் ஒத்துப்போகிறது. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரச் சற்று நேரமாயிற்று.

*

இப்போது ராமன் நிலையத்துக்குத் திரும்பலாம். ராமனுக்குப் பிறகு 1972ல் இதன் இயக்குநரானவர் அவருடைய மகன் வி. ராதாகிருஷ்ணன். ரேடியோ வானியலாளர். தானே கட்டிய பாய்மரப் படகில் இங்கிலாந்திலிருந்து ஆஸ்திரேலியாவுக்குப் போனவர். அவர் காலத்தில் நிலையம் ரேடியோ அலைகளின் பக்கம் திரும்பியது. கௌரிபிதனூரில் வானியற்பியல் நிலையத்தோடு சேர்ந்து, கிழக்கு மேற்காக 1.4 கி.மீ. நீளத்துக்குக் கம்பிக் கழிகளை நட்டு ஒரு தொலைநோக்கி அமைத்தார்கள். அந்தப் பரம்பரையில் வந்ததுதான் நான் தேடி வந்த கருவி: சாரஸ்.

2018 மார்ச் 1. மேற்கு ஆஸ்திரேலியாவின் பாலைவெளியில் மேஜை போன்ற ஓர் ஆன்டெனாவை வைத்திருந்த எட்ஜஸ் என்ற அமெரிக்கக் குழு ஓர் அறிவிப்பு வெளியிட்டது. முதல் நட்சத்திரங்களின் தடயம், 78 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில்! தோல்பாவைக்கூத்தை நினைத்துக்கொள்ளுங்கள். திரைக்குப் பின்னால் விளக்கு, நடுவில் பாவை, முன்னால் நாம். விளக்கு எச்சக் கதிர்வீச்சு. பாவை ஹைட்ரஜன் வாயு. பிரபஞ்சம் பிறந்து சுமார் 18 கோடி ஆண்டுகளில் முதல் நட்சத்திரங்கள் எரியத் தொடங்கியதும், அவற்றின் ஒளி பட்ட ஹைட்ரஜன் எச்சக் கதிரில் 21 சென்டிமீட்டர் அலையை மட்டும் உறிஞ்சும். நம்மிடம் வந்து சேருவதற்குள் அது நீண்டு பல மீட்டர் அலையாகிவிடும். வாயு எவ்வளவு குளிர்ந்திருக்கிறதோ அவ்வளவு கருப்பாக நிழல் விழும்.

விஷயம் என்னவென்றால், எட்ஜஸ் கண்ட நிழல் கொள்கை அனுமதிக்கும் உச்ச அளவைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் கருப்பு. வாயு அப்படிக் குளிர வேண்டுமென்றால் அதைவிடக் குளிர்ந்த எதையோ அது தொட்டிருக்க வேண்டும். அன்றைய பிரபஞ்சத்தில் அதைவிடக் குளிர்ந்தது ஒன்றே ஒன்றுதான்: கரும்பொருள். சாதாரணப் பொருளைப்போல் ஐந்து மடங்குக்கு மேல் நிறைந்திருந்தும் ஈர்ப்பைத் தவிர வேறு எந்த அடையாளமும் காட்டாத பொருள். இஸ்ரேலின் ரென்னன் பர்கானா அதே இதழில், இது கரும்பொருள் துகள் ஹைட்ரஜனோடு உரசியதன் சான்று, அந்தத் துகள் சில புரோட்டான்களுக்கு மேல் கனமாக இருக்க முடியாது என்று எழுதினார். பாதாளச் சுரங்கங்களிலும் முடுக்கிகளிலும் பல பத்தாண்டுகள் தேடியும் கிடைக்காத துகள், பாலைவனத்து மேஜையில் அகப்பட்டுவிட்டதா? ஆய்வுக் கட்டுரைகள் குவிந்தன.

அதைச் சரிபார்க்கும் வேலையில் முதலில் முடிவு சொன்னது பெங்களூர். வானத்தில் நம் அண்ட மண்டலமே போடும் ரேடியோ சத்தம் ஆயிரக்கணக்கான கெல்வின். தேடும் நிழலோ அரை கெல்வின். திருவிழா மேளத்துக்கு நடுவே கொசுவின் ரீங்காரத்தைக் கேட்பதுபோல. ஆன்டெனாவுக்குக் கீழே உள்ள தரைகூடப் பொய் சொல்லும். மண், ஈரம், பாறை என்று அடுக்கடுக்காக இருப்பதால் எதிரொலி அலைக்கு அலை மாறும். அந்த மாற்றமே நிழலைப்போலத் தோற்றம் காட்டலாம். ராமன் நிலையத்தார் யோசித்தார்கள். எங்கே தரை ஒரே சீராக இருக்கும்? தண்ணீரில்.

ஆகவே தெர்மோகோல் தெப்பம் கட்டி, கூம்பு வடிவ ஆன்டெனாவை அதன்மேல் ஏற்றி, ஏரி நடுவில் மிதக்கவிட்டார்கள். ஆப்டிக் ஃபைபர் வழியாகக் கரைக்குச் செய்தி. சாரஸ் என்பது கருவியின் ஆங்கிலப் பெயரின் சுருக்கம். வடமொழியில் அது நாரையைக் குறிக்கும். 'சரஸ்' என்றால் ஏரி, அதில் வாழ்வது சாரஸ். பெயர் வைத்தவர்கள் அதை ஏரியில் விடுவோம் என்று அப்போதே நினைத்திருக்க மாட்டார்கள். முதல் பதிப்புகள் தரையில்தான் நின்றன. புறாவில் தொடங்கிய கதை நாரையில் வந்து நின்றதில் எனக்கு ஓர் அற்ப சந்தோஷம்.

2020 தொடக்கத்தில் முதலில் சிக்கபள்ளாபூர் மாவட்டத்து தண்டிகனஹள்ளி ஏரியிலும், மார்ச்சில் மலைநாட்டில் சராவதி நதியின் தேங்குநீரிலும் மிதக்கவிட்டார்கள். 1964ல் லிங்கனமக்கி அணை கட்டியபோது கிராமங்களை மூழ்கடித்துப் பரந்த நீர் அது. அவர்கள் மூட்டை கட்டித் திரும்பிய சில நாட்களில் நாடே ஊரடங்கில் அடைந்தது. சற்றுத் தாமதித்திருந்தால் அந்தத் தரவு கிடைத்திருக்காது. சௌரப் சிங், ஜிஷ்ணு நம்பிசன், ரவி சுப்ரமணியன், என். உதய சங்கர், பி.எஸ். கிரீஷ், ஏ. ரகுநாதன், ஆர். சோமசேகர், கே.எஸ். ஸ்ரீவாணி, மயூரி சத்தியநாராயண ராவ் ஆகியோர் 15 மணி நேரத் தரவை இரண்டு ஆண்டுகள் சலித்தார்கள். 2022 பிப்ரவரி 28ல் முடிவு வந்தது: எட்ஜஸ் சொன்ன நிழல் இல்லை. 95.3 சதவீத உறுதியோடு மறுக்கிறோம்.

வேறு நாட்டவர் 'கண்டேன்' என்றதை இவர்கள் 'காணோம்' என்றது வெற்றியா என்று கேட்கலாம். ஒரு துகளுக்குப் பிறப்புச் சான்றிதழ் எழுதத் தயாராக இருந்த உலகத்தை, ஒரு தெப்பத்தை வைத்து நிறுத்தினார்கள். என்னைக் கேட்டால், கோலாரின் புரோட்டான் அனுபவம் இந்த மண்ணுக்குக் கற்றுக்கொடுத்த பொறுமை என்றுகூடச் சொல்வேன், அவர்கள் ஒப்புக்கொள்ளாவிட்டாலும். 'காணோம்' என்பதிலும் விஷயம் இருந்தது. கேம்பிரிட்ஜ் விஞ்ஞானிகளோடு சேர்ந்து அதே தரவை மறுபடி அலசி, பிரபஞ்சத்துக்கு 20 கோடி வயதான காலத்து அண்ட மண்டலங்கள் எந்த அளவுக்கு மேல் பிரகாசமாக இருந்திருக்க முடியாது என்று 2022 நவம்பரில் வெளியிட்டார்கள். ஆனால் நிழலே இல்லை என்று யாரும் சொல்லவில்லை. கொள்கை எதிர்பார்க்கும் மெல்லிய நிழல் இன்னும் தேடப்படுகிறது.

தேடுவதற்கு இடம்தான் குறைகிறது. 88 மெகாஹெர்ட்ஸில் எஃப்.எம். ஆரம்பித்துவிடும். அண்டை அலைவரிசையில் சினிமாப் பாட்டு, தலைக்குமேல் செயற்கைக்கோள்கள். ஆகவே ராமன் நிலையத்தார் 'பிரத்யுஷ்' என்ற கருவியை நிலவைச் சுற்றவிடத் திட்டமிடுகிறார்கள். நிலவின் மறுபக்கத்துக்கு மேலே வரும்போது பூமியின் அத்தனை ஒலிபரப்பையும் நிலவே மறைத்துக்கொள்ளும். 1960களில் தங்கவயலில் இரண்டரை கி.மீ. பாறை செய்த வேலை அது.

தண்டிகனஹள்ளிக்குப் போனபோது மாலை ஆகிவிட்டது. சிறிய அணை, மொட்டைப் பாறைக் குன்றுகள், கரையில் துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள். மிதந்த கருவி போய் வருடங்களாகிவிட்டன. தண்ணீரில் நாரைகள் நின்றன, சாரஸ் அல்ல, சாதாரண வெண்கொக்கு. செல்போனை எடுத்துப் பார்த்தேன். இரண்டு கோடு சிக்னல் இருந்தது. திரும்பும் வழியில் டாக்ஸி டிரைவர் ரேடியோவைத் திருகினார். கொஞ்ச தூரம் வெறும் இரைச்சல். அவர் அணைக்கப் போனார். இருக்கட்டும் என்றேன். தொட்டபள்ளாபூர் நெருங்கும்போது கன்னடப் பாட்டு ஒன்று வந்து அதை மூடிவிட்டது.